ஹெந்தளையில் எழுதிய மலைப் பட்டியல்

களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குச் சற்று வடக்கே, வத்தளையை ஒட்டி இருக்கிறது ஹெந்தளை. மேடு என்று சொல்ல இங்கே ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஹமில்டன் கால்வாய், அதையும் தாண்டினால் முத்துராஜவெல சதுப்பு நிலம். ஒல்லாந்தர் 1708 இல் கட்டிய தொழுநோய் மருத்துவமனையும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வெட்டிய அந்தக் கால்வாயும்தான் இந்தப் பக்கத்தின் பழைய அடையாளங்கள். ஹெந்தளைச் சந்தியிலிருந்து எலகந்தை வரை சைக்கிளில் போகிற பிள்ளை ஓர் இடத்திலும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒவ்வொரு டிசம்பரிலும் நாங்கள் மலைகளுக்குப் பட்டியல் போடுகிறோம். வரும் ஆண்டில் எந்த மலை, எந்த மாதம், யார் யார் வருவது, பஸ்ஸா ரயிலா, சாப்பாட்டுக்கு என்ன வழி. என் மகளும் அண்ணனின் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து எழுதுவார்கள். தேதிகளைப் பரீட்சைகளோடும் போயா தினங்களோடும் பொருத்திப் பார்ப்பதும், வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் சம்மதம் வாங்குவதும் என் வேலை. அம்மா தன் கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் பிறந்து வளர்ந்த மலைகளின் பெயர்களைத்தான் பிள்ளைகள் ஆசை ஆசையாக எழுதுகிறார்கள். அந்த மலைகளை விட்டு இறங்கி வருவதற்காகத்தான் அவர் தன் இளமை முழுவதும் பாடுபட்டார்.

2026க்கான பட்டியலை நாங்கள் எழுத உட்கார்ந்தபோது ஒழுங்கையில் சேறு இன்னும் காயவில்லை. நவம்பர் கடைசியில் 'டித்வா' சூறாவளி நாட்டைக் கடந்தபோது மலைநாட்டில் மண் சரிந்தது, கீழே களனி கரையை உடைத்துக்கொண்டு வந்தது. வத்தளைப் பக்கத்தில் தாழ்ந்த வீடுகள் எல்லாம் நனைந்தன. மெத்தைகளையும் பாடப் புத்தகங்களையும் வெயிலில் பரப்பி வைத்திருந்த நேரத்தில் மலையேறும் பட்டியலா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் எங்கள் வாசல் வரை வந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டபோது, பட்டியலின் முதல் பெயரைத்தான் நான் பதிலாகச் சொல்ல வேண்டியிருந்தது.

சிவனொளிபாதமலைச் சாரலில் பிறக்கிறது மஸ்கெலியா ஓயா. அதற்கு வடக்கே கெஹெல்கமு ஓயா. இரண்டும் சேர்ந்து களனியாகி, கித்துல்கலையைத் தாண்டி, அவிசாவளையைச் சுற்றி, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி எங்கள் ஊருக்குத் தெற்கே கடலைத் தொடுகிறது. அந்த இரண்டு ஓயாக்களையும் வழியில் மறித்து மவுசாகலை, காசல்ரீ, நோட்டன், லக்ஷபான என்று வரிசையாக அணைகளும் மின்நிலையங்களும் இருக்கின்றன. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரத்தையே மூழ்கடித்தார்கள். கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். ஹெந்தளையில் ஒரு குமிழ் எரிவதற்கும் ஒரு வெள்ளம் வருவதற்கும் மேலே அந்த மலையில் காரணம் இருக்கிறது. கீழே இருப்பவர்கள் ஒருமுறையாவது மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வது இதனால்தான். இதைப் பொழுதுபோக்காக மட்டும் நான் நினைக்கவில்லை.

அம்மாவின் ஊர் பூண்டுலோயாப் பக்கத்தில் ஒரு தோட்டம். லயத்தில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அம்மாவின் அம்மாவான அம்மாயிக்கு விடிவதற்கு முன்பே நடை தொடங்கிவிடும். முதலில் பீலிக்கரைக்குத் தண்ணீருக்கு. பிறகு கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு. கணக்கப்பிள்ளை எந்த நம்பர் மலை என்று சொல்கிறாரோ அந்த மலைக்கு. இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கயிறு போட்டுக் கூடையைத் தொங்கவிட்டு, இரண்டு கையும் கொழுந்தில் இருக்க, கால் மட்டும் தானாக மேட்டைத் தேட வேண்டும். நிறுவைக்குக் கூடையோடு இறங்கி, மறுபடி வெறுங்கூடையோடு ஏறி, மறுபடி இறங்கி. கேட்ட இறாத்தல் சேராவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அந்தக் காலத்தில் யாரும் அம்மாயியின் காலில் கருவி கட்டி எத்தனை கிலோமீற்றர் நடந்தார், எத்தனை மீற்றர் ஏறினார் என்று அளக்கவில்லை. அளந்திருந்தால் இன்று என் அண்ணன் மகன் கைக்கடிகாரத்தைக் காட்டிப் பெருமைப்படும் கணக்கெல்லாம் அம்மாயியின் ஒரு கிழமை வேலைக்கு முன்னால் நிற்காது.

அம்மாவுக்கு ஐந்தாம் வகுப்பு வரை தோட்டப் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு டவுன் பள்ளிக்கூடம் போக வேண்டும். தோட்டத்து ரோடு மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். லொறி ஏறுவதற்காகத் துரைமார் போட்ட ரோடு அது, சாய்வு குறைவு, தூரம் அதிகம். பிள்ளைகள் தேயிலைக்கு நடுவே குறுக்குப்பாதையில் இறங்குவார்கள். மழைக்காலத்தில் அட்டை. காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, டவுன் எல்லையில் கால் கழுவிச் சப்பாத்துப் போடுவார்கள். காய்ச்சலில் கிடப்பவர்களைக் கம்பளியில் கட்டித் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் அதே பாதையில்தான். கலியாணமாகி, புறக்கோட்டையில் கடை வேலை செய்த அப்பாவோடு ஹெந்தளைக்கு வந்தபோது, அம்மாவுக்கு இந்த ஊரில் முதலில் பிடித்தது சமதரை. தண்ணீர்க் குடத்தோடு மேடு ஏற வேண்டாத ஊர் ஒன்று இருக்கிறது என்பதை அவர் வெகுநாள் நம்பவில்லையாம்.

அதற்கும் முந்திய ஒரு நடை உண்டு. கோப்பிக் காலத்தில் எங்கள் முன்னோர் இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்தது தோணியிலும் காலிலும். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டையும் வறண்ட நிலத்தையும் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். விழுந்தவர்களைக் காத்திருந்து புதைக்கக்கூட நேரம் இல்லாத நடை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்த நடை முடிந்த இடத்தில் எழுந்த கோயில். 2023 இல் மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, ஜூலை கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளையில் முடியும்படி ஒரு நடைபயணம் நடந்தது. நாங்கள் மாத்தளையில் போய்ச் சேர்ந்துகொண்டோம். தாரை தப்பட்டைச் சத்தத்துக்கு நடுவே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நாள் முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அதே 2023 இல்தான் 'பீக்கோ ட்ரெயில்' என்ற நடைபாதையும் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாக, பழைய தோட்டத்துப் பாதைகளையே கோத்துக் கோத்து நுவரெலியா வரை போகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து நாட்கணக்கில் நடக்கிறார்கள். கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை: அந்தப் பகுதிகளின் பெயர்களை மகள் உரக்க வாசித்தபோது அம்மா எழுந்து உட்கார்ந்தார். எங்கள் சொந்தக்காரர்களுக்குக் கலியாணக் கடிதம் போடும் ஊர்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன.

எங்கள் தலைமுறைக்கு இந்தப் பட்டியல் எழுதக் கிடைத்ததே பிந்தித்தான். நான் உயர்தரம் படித்த 1990களின் இறுதியில், கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தோழிகளோடு நானும் ஒரு பட்டியல் எழுதினேன். சிவனொளிபாதமலை, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ், நமுனுகுலை. போர் நடந்த அந்த ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த தமிழர்கள் பொலிஸில் பதிந்த துண்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள். வரைபடமும் கயிறும் டோர்ச்சும் பையில் வைத்திருக்கிற தமிழ்ப் பையன் மலையேறத்தான் போகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனை மலைநாட்டு நகரம் ஒன்றில் ஓர் இரவு முழுவதும் வைத்து விசாரித்துவிட்டு, காலையில் கிராம சேவகரின் கடிதம் வந்த பிறகு விட்டார்கள். அவன் தன் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீடுகளில் யாரும் மலை என்ற பேச்சை எடுக்க விடவில்லை.

சிவனொளிபாதமலை ஒன்றுக்கு மட்டும் தடை இருக்கவில்லை. யாத்திரை என்றால் பெரியவர்கள் கூட வருவார்கள், பஸ் நிறையச் சனம் இருக்கும், சிங்கள அயலவர்களும் வருவார்கள். எங்கள் ஒழுங்கையிலிருந்து முதலில் என்னைக் கூட்டிப் போனதே ஒரு சிங்களக் குடும்பம். அந்த வீட்டு அம்மா, முதல் தடவை ஏறுகிறவள் என்பதற்காக என் தலையில் வெள்ளைத் துணி கட்டிவிட்டார். சீத கங்குலவில் முகம் கழுவச் சொன்னார். ஊசியில் நூல் கோத்து வழியில் விடும் இடத்தில் எனக்கும் ஓர் ஊசி தந்தார். அவர்கள் கருணை வேண்டிப் பாடிக்கொண்டு ஏற, பின்னால் வந்த மஸ்கெலியாத் தோட்டத்து ஆட்கள் அரோகரா என்றார்கள். 2,243 மீற்றர் உச்சியில் நான்கு மதத்தாருக்கும் ஒரே பாதச்சுவடு. 1344 இல் இப்னு பதூதா ஏறியபோதும் பாறையில் இரும்புச் சங்கிலிகள் இருந்தன என்று எழுதிவைத்திருக்கிறார். போர் நடந்த ஆண்டுகளில் ஒரு தமிழ்ப் பெண் நாட்டின் நடுவே இரவு முழுவதும் பயமில்லாமல் நடக்க முடிந்த இடம் என்று எனக்குத் தெரிந்தது அந்தப் படிக்கட்டு ஒன்றுதான்.

ஆகவே பட்டியலின் தலையில் எப்போதும் அந்த மலை. உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் போயாவோடு முடியும் காலத்துக்குள் போய்விட வேண்டும். இம்முறை பிள்ளைகள் நல்லதண்ணி வழி வேண்டாம், இரத்தினபுரியில் பலாபத்தலை வழியாக ஏறுவோம் என்கிறார்கள். நல்லதண்ணிப் பக்கம் சில மணி நேரத்தில் உச்சி. பலாபத்தலைப் பக்கம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உழைப்பு. காடும் ஆறும் மலையின் முழு உயரமும் காலுக்கு வரும். சரி என்று எழுதியிருக்கிறேன். போயா இரவிலும் வார இறுதியிலும் போகக்கூடாது என்பதையும் அடிக்கோடிட்டிருக்கிறேன். படிக்கட்டில் மணிக்கணக்காக நின்றுகொண்டே இருக்கும் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளைக் கொண்டு போய் நிறுத்துவது சரியில்லை.

மற்ற மாதங்களை நாங்கள் பிரிப்பதில்லை, காற்றுத்தான் பிரித்துத் தருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மலைநாட்டின் மேற்குச் சரிவை அடிக்கும். ஹற்றன், மஸ்கெலியா, கித்துல்கலை எல்லாம் நனைந்தபடி இருக்கும். அதே மாதங்களில் மலைக்கு அப்பால் ஊவாவில் காய்ந்த காற்று வீசும். ஆகையால் ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை மேற்கும் நடுவும், ஜூன் முதல் செப்டெம்பர் வரை பதுளைப் பக்கமும். நமுனுகுலையின் 2,036 மீற்றரை ஆகஸ்டில் வைத்திருக்கிறோம். அங்கே உச்சியை ஒட்டிய காட்டுக்குள் போகும் வரை தேயிலைக்கு நடுவேதான் நடை. பாதை கேட்டால் கொழுந்தெடுக்கிறவர்கள்தான் காட்டுவார்கள். தமிழில் கேட்டால் எந்த ஊர், எந்தத் தோட்டத்துச் சனம், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த விசாரணைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

நாட்டின் மிக உயர்ந்த மலை பட்டியலில் இல்லை. 2,524 மீற்றர் பீதுருதாலகாலையின் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரமும் படை முகாமும் இருக்கின்றன, காட்டு வழியாக நடந்து ஏற விடுவதில்லை. நடந்து ஏறக்கூடியவற்றில் உயர்ந்தது கிரிகல்பொத்தை, 2,400 மீற்றருக்குச் சற்றுத்தான் குறைவு. ஹோர்ட்டன் சமவெளிக்குள்ளே போகவர 14 கிலோமீற்றர் அளவில் நடை. பெரிய பிள்ளைகளுக்கு அது. சின்னவர்களுக்குத் தொட்டுபொல கந்தை. பட்டிப்பொல நுழைவாயிலுக்குக் கிட்டவே பாதை தொடங்குகிறது. 2,357 மீற்றர் என்றாலும் சமவெளியே உயரத்தில் இருப்பதால் ஏற்றம் கொஞ்சம்தான். மார்ச் மாதம், விடியற்காலை, பொலித்தீன் இல்லாத பை. வாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ரொட்டியை வாழை இலையில் சுற்றிக்கொண்டு போனால் ஒரு தொல்லையும் இல்லை. சமவெளியின் உலக முடிவில் ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளத்தின் விளிம்பில் நின்று படமெடுக்கப் போய் விழுந்தவர்கள் உண்டு. அங்கே என் கையை விட்டு எந்தப் பிள்ளையும் நகரக்கூடாது என்பது பட்டியலிலேயே எழுதப்பட்ட ஒப்பந்தம்.

அண்ணனின் சின்ன மகனுக்காக பைபிள் பாறை. கண்டி ரோட்டில் கடுகண்ணாவையில் நின்றால் விரித்துவைத்த புத்தகம்போல் எதிரே தெரியும். காலையில் ஏறி மாலைக்குள் வத்தளைக்குத் திரும்பிவிடலாம். அதைப்பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அவன் ஆசைப்படுகிறான், போகிறோம்.

நான் வாதாடிப் பட்டியலில் சேர்த்தது பீக்கோ ட்ரெயிலின் இரண்டு துண்டுகள். ஒன்று கலஹாவிலிருந்து லூல்கந்துரவுக்கு. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையை நட்ட தோட்டம் அது. டெய்லர் உட்கார்ந்து மலைகளைப் பார்த்த கல் இருக்கையை இன்றும் காட்டுகிறார்கள், கண்டி மஹியாவையில் அவருடைய கல்லறையும் இருக்கிறது. அவர் கெட்டிக்காரர், உழைப்பாளி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 19 ஏக்கரில் காடு வெட்டி, குழி தோண்டி, நாற்று வைத்தவர்களில் ஒருவருடைய பெயராவது ஒரு பலகையில் இருக்க வேண்டும் என்று நான் மனமாரக் கேட்கிறேன். பெயர் கிடைக்காவிட்டால், தமிழ்நாட்டின் எந்தெந்த ஊர்களிலிருந்து வந்தார்கள் என்றாவது எழுதலாம். தம்பதென்னையில் லிப்டன் இருக்கைக்கும் இதே கோரிக்கைதான். நடக்க வருகிறவர்கள் படிக்கத் தயாராகத்தான் வருகிறார்கள். படிக்க ஒன்றும் வைக்காதது நம் குறை.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. இந்தப் பாதைகளுக்கு வழிகாட்டிகளாகத் தோட்டத்துப் பிள்ளைகளே வர வேண்டும். எங்கள் ஹெந்தளையிலும் வத்தளையிலும் கடைகளில் மூட்டை தூக்கும் பையன்களில் எத்தனையோ பேர் அந்த மலைகளின் பிள்ளைகள். எந்தக் காட்டில் எந்த மாதம் எந்தப் பழம், எந்த ஓடை எப்போது பெருகும், எந்தப் பாறையில் குளவி கட்டியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்தவர்களுக்கு அங்கே சோறு கிடைக்கவில்லை என்பதால் இங்கே வந்து மூட்டை சுமக்கிறார்கள். 2024 இல் நிர்ணயித்த தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. ஒரு நாள் வழிகாட்டினால் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். நாங்கள் போகிற இடமெல்லாம் லயத்து வீடொன்றில் சாப்பாடு சொல்லிவைத்து, கேட்ட பணத்தைக் கொடுத்துச் சாப்பிடுகிறோம். மத்தியானத்துக்கு ரொட்டி, கட்டச் சம்பல், பருப்பு, நல்ல பிளேன்டீ. இந்த ஏற்பாட்டை மகள் பட்டியலில் மலையின் பெயருக்கு நேரே எழுதுகிறாள். மலை வேறு, அதில் இருக்கிற சனம் வேறு என்று அவள் பிரித்துப் பார்க்காமல் வளர்வதில் எனக்கு நிறைவு.

டித்வாவுக்குப் பிறகு இந்தப் பட்டியலை எழுதுவது எளிதாக இல்லை. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு ஊர்களையே மூடியது. மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. உறவினர்களின் போன் எடுபடாத இரவுகள் எங்கள் வீட்டிலும் கழிந்தன. அம்மா சாமி விளக்கின் முன்னால் ஒவ்வொரு தோட்டத்தின் பெயராகச் சொல்லிக்கொண்டு இருந்தார். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும் அவர் இப்படித்தான் இருந்தார். நூறு வருடத்து லயங்கள் சரிவின் அடியிலேயே இன்னும் இருக்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடும்போது வெளியேறச் சொல்கிறார்கள், எங்கே போவது என்பதற்குத்தான் பதில் இல்லை. காணியும் வீடும் சொந்தமாகக் கிடைக்காத வரைக்கும் அந்தக் கேள்வி ஒவ்வொரு மழையிலும் வரும்.

அம்மாவின் அப்பா தோட்டத்தில் கான் வெட்டியவர். தேயிலை மலையில் பெய்யும் மழை ஒரே பாய்ச்சலாக இறங்காமல், சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்களில் மெதுவாக ஓடி ஓடைக்குப் போக வேண்டும். கான் தூர்ந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், மண் ஊறிப் பாரமாகி நகரும். இதை அம்மா எனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார், இப்போது பிள்ளைகளுக்குச் சொன்னார். நடக்கும்போது பாதையோரக் கான்களைப் பார்த்து வாருங்கள் என்றார். தூர்ந்து கிடந்தால், புதிதாக வெடிப்புத் தெரிந்தால், மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், தண்ணீர் இல்லாத இடத்தில் சேற்றுத் தண்ணீர் ஊறி வந்தால், அந்த இடத்தில் நிற்காமல் திரும்பி வந்து தோட்டத்து ஆட்களிடம் சொல்ல வேண்டும். பட்டியலின் கீழே இதையும் மகள் எழுதிவைத்திருக்கிறாள். நான் எந்த நடைவழிக் கையேட்டிலும் காணாத அறிவு இது.

போகாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தோம். பாதை திறக்காத இடத்துக்குப் போகக்கூடாது, தேடுதலும் துப்புரவும் நடக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்கக்கூடாது, அதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. நக்கிள்ஸ் பக்கத்தை அடுத்த ஆண்டின் பிற்பாதிக்குத் தள்ளிவிட்டோம். ஆனால் பூண்டுலோயாவில் இருக்கும் மாமா போனில் சொன்னார்: "எல்லாரும் பயந்துக்கிட்டு வராம இருந்துட்டீங்கன்னா இங்க கடைக்காரனுக்கும் ஆட்டோக்காரனுக்கும் என்ன வழி? பாதை சரியாகட்டும், நான் சொல்றேன், வாங்க." அந்த வார்த்தையை நம்பித்தான் இரண்டாவது துண்டு பட்டியலில் இருக்கிறது: பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடை வரை. போகும்போது அங்குள்ள பிள்ளைகளுக்குக் கொப்பிகளும் சப்பாத்தும் கொண்டு போகிறோம். அளவுகள் மாமா அனுப்பியிருக்கிறார்.

அந்தத் துண்டின் வரைபடத்தைப் போனில் பெரிதாக்கி மகள் அம்மாவிடம் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது ரோட்டோடயே சுத்திப் போகுது. ஃபெக்டரிக்குப் பின்னால பாலத்தடியில இறங்குனா பாதி தூரம்தான். நாங்க அப்படித்தான் ஸ்டேசனுக்குப் போவோம்" என்றார். "அம்மாச்சி, அந்தப் பாதை இப்ப இருக்குமா?" என்று அவள் கேட்டாள். இருக்கிறதா இல்லையா என்று மாமாவிடம் கேட்டுச் சொல்லும்படி அம்மா உடனே போன் போடச் சொன்னார். பிறகு, தானும் வருவதாகச் சொன்னார். நடக்க முடியாது, முழங்கால் விடாது. இரவு மெயில் கோச்சியில் எங்களோடு வந்து வட்டகொடை ஸ்டேசனில் இறங்கி, சின்னம்மா வீட்டில் இருந்துகொண்டு, நாங்கள் நடந்து வந்து சேரும்போது பிளேன்டீ ஊற்றித் தருவார்.

பெப்ரவரிக் கடைசிச் சனிக்கிழமை என்று எழுதியிருந்ததை அம்மாவுக்காகப் பென்சிலால் மாற்றி எழுதினோம். கோச்சி வட்டகொடை வரை ஓடத் தொடங்கும் மாதத்தின் முதல் சனிக்கிழமை. அது எந்த மாதமானாலும் அன்றைக்கு மற்ற மலை எதுவும் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.